எந்தச் செல்லுக்கு எந்த வைரஸ்? மரபணு சிகிச்சையில் வெக்டர் தேர்வு

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வுக்கூடங்களுக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒருபக்கம். பிள்ளைக்கு அரிய மரபணு நோய் என்று தெரிந்தபின் இரவெல்லாம் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னொரு பக்கம். மரபணு சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் இரு தரப்பும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "எந்த வைரஸ் நல்லா உள்ள போகும்?"

மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துசெல்ல மாற்றியமைத்த இந்த வைரஸ்களைத்தான் வெக்டர் என்கிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்பேன். எல்லாச் செல்லுக்குள்ளும் நன்றாகப் போகும் வைரஸ் என்று ஒன்று கிடையாது. கல்லீரலுக்குள் வெள்ளமாகப் பாயும் வைரஸ், ரத்தச் செல்கள் எல்லாவற்றுக்கும் மூலமான ரத்த ஸ்டெம் செல்லின் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் முதலில் செல்லைப் பாருங்கள். அதை உடலுக்கு வெளியே எடுக்க முடியுமா? அது தொடர்ந்து பிரிந்துகொண்டே இருக்குமா? சேர்க்க வேண்டிய மரபணு எவ்வளவு நீளம்? நோயாளியின் ரத்தம் அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பட்டியலில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பெயர், மிஞ்சிப்போனால் இரண்டு.

முதலில் 'உள்ளே போவது' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏதோ ஒரு மூலக்கூறை வைரஸ் பற்றிக்கொள்கிறது. அந்த மூலக்கூறுக்கு ஏற்பி என்று பெயர். பிறகு செல் தன் சவ்வைக் குழித்து, வைரஸை ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைதான் எண்டோசோம். பல விளக்கப்படங்கள் இத்துடன் முடிந்துவிடும். உண்மையில் வைரஸ் இன்னும் செல்லுக்குள் வந்து சேரவில்லை. உட்லண்ட்ஸில் கடப்பிதழைக் காட்டிவிட்டு, ஜோகூர் சோதனைச்சாவடிக்கு முன்னால் பாலத்தில் மாட்டிக்கொண்ட பேருந்தின் நிலை அதற்கு: சிங்கப்பூரைத் தாண்டியாயிற்று, மலேசியாவுக்குள் நுழைந்தபாடில்லை. எண்டோசோமுக்குள் நேரம் ஆக ஆக அமிலத்தன்மை கூடும். வெளியேறும் வழி தெரியாத வைரஸ், செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்கப்பட்டுவிடும். வழி தெரிந்ததோ சைட்டோபிளாசத்தைக் கடந்து, உட்கருத் துளையைத் தாண்டி, உறையைக் கழற்றி, மரபணுவை வெளியே விட வேண்டும். ஒரு வெக்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடுகள் பலவும் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கின்றன. விளம்பரங்களும் செய்திகளும் பேசுவது முதல் பாதியை மட்டும்.

ஏஏவி: எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்

அடினோ-சார் வைரஸ் எனப்படும் ஏஏவி, 25 நானோமீட்டர் அளவே உள்ள பொடியன். 1965-இல் அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்திருந்த அசுத்தமாகத்தான் முதலில் கண்ணில் பட்டது. துணைக்கு வேறொரு வைரஸ் இல்லாமல் இதனால் பெருக முடியாது. மனிதருக்கு இதனால் நோய் எதுவும் வருவதாகவும் நிறுவப்படவில்லை. உடலுக்குள் நேரடியாகச் செலுத்தும் மரபணு சிகிச்சைகளில் இது முன்னணிக்கு வந்ததற்கு இந்தச் சாதுத்தனமும் ஒரு காரணம்.

இதன் ஏற்பிக் கதை சுவையானது. ஏஏவியில் பல வகைகள் உண்டு. ஏஏவி2 செல்லின் மேலுள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது என்று 1998-இல் தெரியவந்தது. ஏஏவி5-க்குச் சியாலிக் அமிலம், ஏஏவி9-க்குக் காலக்டோஸ் என்று அடுத்தடுத்துக் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு சர்க்கரை, அதனால்தான் ஆளுக்கொரு திசு என்று கணக்கு அழகாக முடிந்தது போலிருந்தது. 2016-இல் ஒரு ஆய்வுக்குழு, மனிதச் செல்லின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, எதை முடக்கினால் ஏஏவி நுழைய முடியாமல் போகிறது என்று தேடியது. அகப்பட்ட புரதத்துக்கு ஏஏவிஆர் என்று பெயர் வைத்தார்கள். ஏஏவி4 போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, வெவ்வேறு சர்க்கரைகளை நம்பியிருப்பதாக நினைத்த வகைகள் பலவற்றுக்கும் இதே புரதம் தேவைப்பட்டது. இன்னொரு செய்தியும் கிடைத்தது. இந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கும் உள்ளே இருக்கும் கோல்கி உறுப்புக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பது. ஆகச் சர்க்கரை செய்வது பிடித்து நிறுத்தும் வேலை. வைரஸ் சரியான பாதையில் போக உதவும் ஏஏவிஆர், மேற்பரப்பில் நிலையாக நிற்பதே இல்லை.

எண்டோசோமிலிருந்து வெளியேற ஏஏவி ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அதன் உறையில் 60 புரதங்கள். அவற்றுள் விபி1 என்ற புரதத்தின் ஒரு முனை உள்ளே மடங்கி மறைந்திருக்கும். அமிலம் பட்டதும் அது வெளியே நீளும். அந்த முனையில் கொழுப்பை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. சவ்வைத் துளைக்க அது வழிசெய்கிறது. அத்தோடும் ஆபத்து தீர்வதில்லை. வெளியே வந்த உறையைச் செல் 'குப்பை' என்று அடையாளமிட்டு, வேண்டாத புரதங்களை அரைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடலாம். உறையின் மேலிருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் சிலவற்றை மாற்றியமைத்து இந்த அடையாளத்தைத் தடுத்தபோது, அதே ஏஏவி2 பல மடங்கு திறமையாக வேலை செய்தது. ஏற்பி மாறவில்லை, பிடிக்கும் விதம் மாறவில்லை. உள்ளே போனபின் பிழைத்த துகள்கள் கூடின, அவ்வளவுதான்.

திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தட்டில் வளர்க்கும் செல்களில் ஏஏவி9 மிக மோசமாகத் தெரியும். அதன் காலக்டோஸைப் பெரும்பாலும் சியாலிக் அமிலம் மூடியிருப்பது அதற்கு ஒரு காரணம். அதே ஏஏவி9-ஐ உயிருள்ள உடலில் செலுத்தினால் தசை, இதயம், நரம்பு மண்டலம் என்று பரவும். தட்டில் மட்டும் செய்யும் பரிசோதனைக்கு ஏஏவி2 அல்லது பல வகைகளைக் கலந்து உருவாக்கிய ஏஏவி-டிஜே எடுத்துக்கொள்வது நல்லது. தலைகீழாகவும் ஏமாறலாம். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஹெச்இகே293 என்ற மனிதச் செல்லில், மரபணு நுழைந்ததைக் காட்டும் பச்சை ஒளி பிரகாசமாகத் தெரிந்தது என்று மூளைச் செல்லுக்கும் அதையே பரிந்துரைப்பவர்களைப் பார்க்கலாம். ஹெச்இகே293 எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் செல். அதன் சான்றிதழுக்குப் பெரிய மதிப்பில்லை.

எலியை நம்புவதிலும் இதே சிக்கல் உண்டு. 2016-இல் ஏஏவி-பிஹெச்பி.பி என்ற மாற்றியமைத்த உறை வெளிவந்தது. ரத்தத்தில் செலுத்தினாலே போதும், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி எலியின் மூளை முழுக்கப் பரவியது. ஏஏவி9-ஐவிடப் பன்மடங்கு மேல். நரம்பு நோய்களுக்கு வழி பிறந்துவிட்டது என்று உற்சாகம். கொஞ்ச நாளில் வேறோர் எலி இனத்தில் அது பலிக்கவில்லை, குரங்குகளிலும் பலிக்கவில்லை. 2019-இல் காரணம் தெரிந்தது: அந்த உறை பிடித்துக்கொண்டது எல்ஒய்6ஏ என்ற எலிப் புரதத்தை. மனிதரிலும் குரங்கிலும் அது இல்லை. ஒரு கட்டுரையில் 'மூளைக்குள் நுழையும் வெக்டர்' என்று படித்தால், யாருடைய மூளைக்குள் என்று கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

மனிதரில் ஏஏவி நன்றாக நிலைபெற்ற இடம் கண். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா, பார்வைக்குத் தேவையான ஆர்பிஇ65 மரபணுவை ஏஏவி2-இல் வைத்து விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்தப்படுகிறது. ஏற்பியைவிட இடம்தான் இங்கே காரியத்தைச் சாதிக்கிறது. ஊசி விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இலக்குச் செல்கள். வைரஸ் ரத்தத்தில் அலைய வேண்டியதில்லை, கல்லீரல் குறுக்கே வருவதில்லை, கண்ணுக்குள் நோயெதிர்ப்பும் மட்டாக இருக்கும். ஒரு கண்ணுக்கு 15,000 கோடி துகள்கள் போதும்.

முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவுக்கான ஸோல்ஜென்ஸ்மாவை இதோடு ஒப்பிடுங்கள். 2019 மே மாதம் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து ஏஏவி9-ஐக் குழந்தையின் ரத்த நாளத்தில் செலுத்துகிறது. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 110 லட்சம் கோடி துகள்கள். ஐந்து கிலோ குழந்தை என்றால் ஒரு கண்ணுக்குக் கொடுப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். தண்டுவட நரம்புச் செல்லைப் போய்ச் சேர வேண்டுமானால் வழியிலுள்ள எல்லாத் திசுவையும் நனைத்தாக வேண்டும் என்பதே காரணம். அதிகம் நனைவது கல்லீரல். அதனால்தான் ஊசிக்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் தருகிறார்கள். அப்படியும் 2022-இல் கல்லீரல் செயலிழந்து இரு குழந்தைகள் இறந்த செய்தி வெளியானது. 2025-இல் டுஷேன் தசைச் சிதைவுக்கு வேறொரு ஏஏவி மருந்து பெற்ற, நடக்க இயலாத நிலையிலிருந்த இரு சிறுவர்களும் அதே காரணத்தால் இறந்தார்கள். ஏஏவி சாது என்று மேலே சொன்னேன். அது அளவைப் பொறுத்தது.

ஏஏவியின் கைக்கெட்டாதவை இரண்டு. ஒன்று, நீளமான மரபணு. இதன் உள்ளே சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகளுக்கு மட்டுமே இடம். ஸோல்ஜென்ஸ்மா சுமக்கும் எஸ்எம்என்1-இன் புரதக் குறியீடு ஆயிரம் எழுத்துகூட இல்லை, தாராளமாக அடங்குகிறது. டுஷேனுக்குத் தேவைப்படும் டிஸ்ட்ரோபினுக்கு 11,000. அடங்காது. அதனால் நடுப்பகுதியை வெட்டிக் குட்டி டிஸ்ட்ரோபினாகச் சுருக்கித்தான் ஏற்றுகிறார்கள். இரண்டு, பிரிந்துகொண்டே இருக்கும் செல். ஏஏவி கொண்டுபோகும் டிஎன்ஏ பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் உட்கருவில் தனியாகக் கிடக்கும். செல் பிரியும்போது அது பிரதியெடுக்கப்படாது, தலைமுறைக்குத் தலைமுறை நீர்த்துப்போகும். விழித்திரையும் நரம்பும் பிரியாதவை, அங்கே கவலையில்லை. வளரும் குழந்தையின் கல்லீரலில் கவலை உண்டு. ரத்த ஸ்டெம் செல்லில் ஏஏவியால் மரபணுவைச் சேர்த்து நிலைநிறுத்தலாம் என்று எண்ணவே வேண்டாம்.

லெண்டிவைரஸ்: வெளியே எடுக்க முடிகிற செல்லுக்கு

ரத்தத்துக்கு என் முதல் தேர்வு லெண்டிவைரஸ். ஹெச்ஐவியிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளையெல்லாம் நீக்கி 1996 வாக்கில் உருவாகத் தொடங்கிய வெக்டர் இது. ஹெச்ஐவி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். அதன் இயல்பான உறைப் புரதமே இதில் இல்லை, உடலுக்குள் போய்த் தானாகப் பெருகவும் முடியாது என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கத்தான் வேண்டும்.

உறைப் புரதத்துக்குப் பதிலாக, கால்நடைகளைத் தாக்கும் விஎஸ்வி வைரஸின் ஜி புரதத்தைப் போர்த்திவிடுகிறார்கள். அது கொலஸ்ட்ரால் சோதனையில் நாம் கேள்விப்படும் எல்டிஎல்லின் ஏற்பியைப் பிடிக்கும். எல்டிஎல் ஏற்பி அநேகமாக எல்லாச் செல்லிலும் உண்டு என்பதால் இந்த வெக்டர் எங்கும் நுழையும் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை நம்பியவர்களுக்கு ஓய்வில் இருக்கும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லும் ரத்த ஸ்டெம் செல்லும் பாடம் புகட்டின. அவற்றின் மேல் எல்டிஎல் ஏற்பி மிகக் குறைவு. எனவே டி செல்லை முதலில் தூண்டிவிட வேண்டும். தூண்டிய செல்லில் ஏற்பி பெருகும், வெக்டரும் நுழையும். டி செல்லை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சை தயாரிக்கும் இடங்களில் தூண்டும் கட்டம் முன்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டெம் செல்லை அப்படித் தாராளமாகத் தூண்டினால் அது தன் ஸ்டெம் தன்மையை இழக்கும். ஆகவே போர்வையை மாற்றிப் பார்க்கிறார்கள். பபூன் குரங்கின் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த உறைப் புரதம் வேறு ஏற்பிகளைப் பிடிப்பதால் ஸ்டெம் செல்லில் நன்றாக நுழைகிறது. லெண்டிவைரஸில் எனக்குப் பிடித்த அம்சமே இதுதான்: உள்ளிருப்பதைத் தொடாமல் போர்வையை மட்டும் மாற்றி இலக்கை மாற்றலாம்.

இரண்டாம் சோதனைச்சாவடியில் இதன் வழி வேறு. எண்டோசோமில் அமிலம் கூடியதும் ஜி புரதம் வடிவம் மாறி, வைரஸின் சவ்வையும் எண்டோசோமின் சவ்வையும் ஒன்றாக இணைத்துவிடும். துளைப்பது, கிழிப்பது எதுவும் இல்லை. உள்ளிருக்கும் கேப்சிட் என்ற கூம்பு வடிவப் புரதக் கூடு சைட்டோபிளாசத்தில் இறங்கும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றத் தொடங்கும். இந்தக் கேப்சிட் வழியிலேயே உடைந்துவிடுவதாகத்தான் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். உருக்குலையாமலே உட்கருத் துளையைக் கடக்க முடியும் என்று சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவானது. இந்தத் திறமை இருப்பதால் செல் பிரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய எலி ரெட்ரோவைரஸ் வெக்டர்களுக்கு இது முடியாது. உட்கருச் சவ்வு கலையும் தருணம் பார்த்துத்தான் அவை நுழையும்.

பிறகு குரோமோசோமில் ஒட்டிக்கொள்கிறது. பலமும் பயமும் இங்கேதான். செல் எத்தனை முறை பிரிந்தாலும் மரபணு கூடவே வரும். ஆனால் எங்கே ஒட்டும் என்று கட்டளையிட முடியாது. பாரிஸில் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு எலி ரெட்ரோவைரஸால் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் சிலருக்கு 2002 முதல் ரத்தப் புற்று வந்தது. எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் வெக்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. லெண்டிவைரஸ் இதைவிடப் பாதுகாப்பானது என்பது உண்மை. ஆபத்தே இல்லாதது என்பது பொய். மூளையின் வெண்பகுதியைத் தாக்கும் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி நோய்க்கான ஸ்கைசோனாவில், 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்று வந்ததாக 2024-இல் தரவு வெளியானது. அந்த வெக்டரில் மரபணுவை இயக்க வைத்த ஊக்கி மிக வலியது என்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நுழைவு சரியாக இருந்தும் உள்ளே வைத்த சரக்கால் கெட்ட கதை அது.

சிங்கப்பூரில் செல், திசு, மரபணு சிகிச்சைப் பொருள்களுக்கான தனி ஒழுங்குமுறை 2021 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் சுகாதார அறிவியல் ஆணையம் முதலில் ஒப்புதல் கொடுத்த கைம்ரியா, லெண்டிவைரஸைக் கொண்டு செய்யப்படுவதுதான். நோயாளியின் டி செல்லை வடித்தெடுத்து, வெளியே வைத்து மரபணு சேர்த்து, திரும்ப உடலுக்குள் விடுகிறார்கள். வைரஸ் நோயாளியின் ரத்தத்தைச் சந்திப்பதே இல்லை. எத்தனை செல்லில் எத்தனை பிரதி நுழைந்தது என்று எண்ணிப் பார்த்த பிறகே திரும்பச் செலுத்தலாம். உடலுக்குள் நேரடியாக ஏஏவி ஊசி போட்டால் அப்படிப் பார்க்க வழியில்லை. வெளியே எடுக்க முடிகிற செல் என்றால் வெளியே எடுத்தே செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடினோவைரஸ்: நம் வீட்டிலேயே இருக்கும் உதாரணம்

கோவிட் காலத்தில் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விநோதம் நடந்தது. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஃபைசர் அல்லது மொடர்னா போட்டுக்கொண்டார்கள், இரண்டிலும் வைரஸே இல்லை. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டி பெரும்பாலும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டோ சிம்பன்சி அடினோவைரஸ் வெக்டர். மரபணு வெக்டர் ஏதோ எதிர்கால விஷயம் என்று நினைப்பவர்கள், விடுமுறைக்குத் திருச்சியோ தஞ்சாவூரோ போகும்போது பாட்டியின் தோளைப் பார்க்கலாம்.

அடினோவைரஸ் 90 நானோமீட்டர், 36,000 எழுத்து டிஎன்ஏ. அதிகம் ஆராயப்பட்ட ஐந்தாம் வகை, நார் போன்ற நீட்டத்தின் நுனியால் சிஏஆர் என்ற ஏற்பியைப் பிடிக்கும். பிறகு அதன் அடிப்பகுதி செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்களைப் பற்றும், உடனே செல் அதை உள்ளே இழுக்கும். எண்டோசோமில் நார்கள் கழன்று, உள்ளிருந்து வரும் ஆறாம் புரதம் சவ்வைக் கிழித்துவிடும். மோட்டார் புரதங்களின் மேல் சவாரி செய்து உட்கருத் துளைக்கு வெகு விரைவில் வந்து சேரும். நுழையும் திறமையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் முதலிடம் இதற்குத்தான்.

அப்படியிருந்தும் பிறவிக் குறையைச் சரிசெய்ய இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். எண்டோசோமைக் கிழிப்பது செல்லுக்கு அபாயமணி, நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். ரத்தத்தில் விட்டால், சிஏஆர் எங்கே இருக்கிறது என்பதே பெரிதாகப் பொருட்டில்லை. ரத்தம் உறைய உதவும் பத்தாம் காரணி வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் கல்லீரலுக்குக் கூட்டிப்போகும் என்று எலிகளில் 2008-இல் காட்டினார்கள். ஆய்வுத்தட்டில் எழுதிவைத்த ஏற்பிப் பட்டியல் ரத்தத்தில் செல்லாக்காசாகிவிடுகிறது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில், கல்லீரல் தமனியில் அடினோவைரஸ் வெக்டர் பெற்ற 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் நான்கு நாளில் இறந்தார். கட்டுமீறிய நோயெதிர்ப்பு எழுச்சிதான் காரணம். மரபணு சிகிச்சைத் துறையே பல ஆண்டுகள் பின்தங்கியது.

அபாயமணி அடிப்பது விரும்பத்தக்க இடங்களும் உண்டு. தடுப்பூசிக்கு அதுதானே வேண்டும்! புற்றுநோயிலும் கொஞ்ச காலம் மட்டும் மரபணு வேலை செய்தால் போதும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்த அட்ஸ்டிலாட்ரின் அடினோவைரஸ்தான். ரத்தத்தில் விடாமல் நேராகச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றுகிறார்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவர் லேசில் எதையும் உள்ளே விடாது என்பதால், நுழைவை எளிதாக்க ஒரு துணைப்பொருளையும் கலக்கிறார்கள்.

ஹெர்பிஸ் வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1,52,000 எழுத்துகள் கொண்ட பெரும் வைரஸ், ஆகவே மரபணுவின் நீளம் இங்கே பிரச்சினையே இல்லை. சில செல்களில், குறிப்பாக நரம்புச் செல்களில், எண்டோசோமைத் தேடாமல் மேற்பரப்புச் சவ்வோடே நேராக இணைந்துவிடும். தொட்டாலே தோல் உரியும் பிறவி நோய் ஒன்றுக்குத் தேவையான ஏழாம் வகைக் கொலாஜன் மரபணு சுமார் 9,000 எழுத்து. ஏஏவியில் ஏறாது. அதை ஹெர்பிஸில் ஏற்றிக் களிம்பாகப் புண்ணின் மேல் இடும் வைஜுவெக் 2023-இல் வந்தது. வாரந்தோறும் திரும்பத் திரும்ப இடலாம். இந்தக் கட்டுரையில் வரும் மருந்துகளிலேயே வெக்டரும் இலக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன்.

தாலசீமியாவில் ஒரு நேரடிப் போட்டி

ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பிறவி நோயான தாலசீமியா நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூரில் எல்லா இனத்தவரிலும் இதன் மரபணுவைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். பீட்டா தாலசீமியாவுக்கு இப்போது அமெரிக்காவில் இரு மரபணு மருந்துகள் உண்டு. 2022-இல் ஒப்புதல் பெற்ற ஸின்டெக்லோ, லெண்டிவைரஸால் பீட்டா குளோபின் மரபணுவைச் சேர்க்கிறது. பீட்டா தாலசீமியாவுக்கு 2024-இல் ஒப்புதல் பெற்ற கேஸ்கெவியில் வைரஸ் இல்லை. ஸ்டெம் செல்லின் சவ்வை மின்துடிப்பால் நொடிப்பொழுது திறந்து, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். ஏற்பி, எண்டோசோம் எதுவும் தேவையில்லை. குரோமோசோமில் அந்நிய மரபணு ஒட்டுவதும் இல்லை.

கேட்பதற்குக் கேஸ்கெவி ஜெயித்துவிட்டது போலிருக்கும். நோயாளி படுக்கையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. இரண்டுக்கும் முன்னால் புசல்ஃபான் என்ற கடும் வேதிமருந்தால் எலும்பு மச்சையைக் காலி செய்ய வேண்டும். முடி கொட்டுவது, பல வார மருத்துவமனை வாசம், பிள்ளைப்பேறு பாதிக்கும் அபாயம் எல்லாம் அதிலிருந்து வருபவை. வெக்டரை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் குடும்பங்கள், அந்தப் புசல்ஃபானைப் பற்றி மருத்துவரிடம் ஒரு மணி நேரம் கேட்டால் அதிகப் பயன்.

முடிவெடுக்கும்போது

மாணவர்களுக்கு முதலில். பிரியாத செல், சின்ன மரபணு, உடலுக்குள் செலுத்தல் என்றால் ஏஏவி. வளரும் செல், நிரந்தரமாக மரபணு இருக்க வேண்டும், தட்டிலோ பையிலோ செய்யலாம் என்றால் லெண்டி. சில நாள் வெளிப்பாடு போதும், வேகம் வேண்டும் என்றால் அடினோ. நான்கைந்து ஏஏவி வகைகளை ஒரே செல்லில் சிறிதாகச் சோதித்துப் பார்க்காமல் பெரிய அளவில் தயாரிக்கச் சொல்லாதீர்கள். ஆய்வுக்கூடத்தின் பணம் கரைவது அங்கேதான். எதை எடுத்தாலும் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதலுக்கு நாளெடுக்கும் என்பதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பங்களுக்கு வெக்டரின் பெயரைவிட முக்கியமானது எதிர்பொருள், அதாவது ஒருமுறை சந்தித்த வைரஸைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம். நம்மில் பலருக்கு ஏதோ ஒரு ஏஏவி வகை சிறுவயதிலேயே வந்து போயிருக்கும், எந்த அறிகுறியும் இல்லாமல். அதன் எதிர்பொருள் ரத்தத்தில் இருந்தால், வெக்டர் ஏற்பியைத் தொடும் முன்பே பிடிபட்டுவிடும். ஸோல்ஜென்ஸ்மாவுக்கு முன் ஏஏவி9 எதிர்பொருளைச் சோதிக்கிறார்கள். பச்சிளங்குழந்தையிடம் அது காணப்பட்டால் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அது தானாகக் குறையும், சில வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கான ரொக்டேவியன் மருந்துக்கு ஏஏவி5 எதிர்பொருள் இருக்கவே கூடாது. அதே ஏஏவி5-ஐக் கொண்ட ஹெம்ஜெனிக்ஸின் சோதனையிலோ எதிர்பொருள் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வெக்டர் என்பதால் ஒரே விதி என்று எண்ணிவிட வேண்டாம்.

பணம் அடுத்தது. ஸோல்ஜென்ஸ்மா அறிமுகமானபோது விலை 21 லட்சத்து 25 ஆயிரம் அமெரிக்க டாலர், ஹெம்ஜெனிக்ஸ் 35 லட்சம். இங்கே 2019-இல் தொடங்கிய அரிய நோய் நிதிக்கு வரும் ஒவ்வொரு வெள்ளி நன்கொடைக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. ஆனால் அந்த நிதி, தன் பட்டியலில் உள்ள நோய்களுக்கும் மருந்துகளுக்கும் மட்டுமே உதவும். உங்கள் மருந்து பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் ஆரம்பத்திலேயே விசாரியுங்கள்.

விலையைத் தவிர்க்க மருத்துவச் சோதனையில் சேரலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருமுறை ஏஏவி செலுத்தினால் உடலில் எழும் எதிர்பொருள் பல ஆண்டுகள் நீடிக்கும், உறவுள்ள மற்ற ஏஏவி வகைகளையும் தடுக்கக்கூடும். சோதனையின் முதல் கட்டத்தில் குறைந்த அளவு பெற்று, பலன் போதாமல் போனவருக்கு, பிறகு நல்ல மருந்து வந்தாலும் அதைப் பெறத் தகுதி இல்லாமல் போகலாம். ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: இது எந்த ஏஏவி வகை, என் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது எந்த அளவு, இதற்குப் பிறகு எந்தெந்தச் சிகிச்சைக்குத் தகுதி போகும். மூன்றாவதற்கு விடை எழுத்தில் வரட்டும்.